அப்புச்சி வீட்டுச் சொந்தம்: ஞாயிறு காலைப் பேச்சு

2025 நவம்பர் 2, ஞாயிறு

பெரிய மாமா காங்கேயம் (7:05): (செம்பருத்திப் பூ படம்) இனிய காலை வணக்கம்

நான் (7:40): எல்லாருக்கும் ஒரு விஷயம். வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முதல் ஜனவரி வரை எங்கள் கம்பெனியில் ஸ்டாஃப் எல்லாருக்கும் சம்பளத்தில் பிடித்தம். 48 ஆயிரம் வந்த இடத்தில் 34 ஆயிரம்தான் கைக்கு வரும்.

அம்மா: என்ன கண்ணு இது. நேற்றுப் பேசும்போது ஒன்றும் சொல்லவில்லையே

தம்பி பல்லடம்: அமெரிக்க வரியா அண்ணா?

நான்: அதேதான். ஆகஸ்ட் 27இல் 50 சதவீதம் ஆனதிலிருந்து அங்கே எங்கள் சரக்கை வாங்கும் பையர் புது ஆர்டரைப் பிடித்து வைத்திருக்கிறார். முடித்த சரக்கிலும் விலையைக் குறை என்கிறார். வேலையை விட்டு யாரையும் அனுப்பாமல் இருக்கத்தான் இப்படி என்று முதலாளி சொன்னார். பிற்பாடு திருப்பித் தருவார்களாம்.

சித்தி ஈரோடு: தருவார்களாம் என்றால்? எழுத்தில் இருக்கிறதா?

நான்: வாய் வார்த்தைதான் சித்தி

சித்தி ஈரோடு: எத்தனை மாதம், எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று ஒரு மெயிலாவது வாங்கி வை. திரும்பி வரும் பணம் என்று கணக்கில் எழுதாதே. வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய மாமா காங்கேயம்: மாப்பிள்ளை, இதற்குப் போய் எதற்குக் கவலை. செயினைக் கொண்டுபோய் வைத்தால் அரை மணி நேரத்தில் பணம்

வீட்டில் (என் மனைவி): எந்தச் செயின் என்று கேட்டுச் சொல்லுங்க 🙂

பெரிய மாமா காங்கேயம்: சரி சரி. அப்படியென்றால் வீட்டுக் கடன் தவணையை மூன்று மாதம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேள். கொரோனாவில் நான் லாரிக்கு அப்படித்தான் செய்தேன்

சித்தி ஈரோடு: அண்ணா, அது 2020இல் ரிசர்வ் வங்கி எல்லாருக்கும் கொடுத்த சலுகை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. அப்போதும் தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. லாரிக் கடன் எத்தனை மாதம் நீண்டது என்று அண்ணியைக் கேளுங்கள்.

பெரிய மாமா காங்கேயம்: அது ஏன் இப்போது

தம்பி பல்லடம்: கிரெடிட் கார்டில் சமாளித்துவிட்டு மினிமம் மட்டும் கட்டலாம் அண்ணா, மூன்று மாதம்தானே

சித்தி ஈரோடு: நீ முதலில் உன் கார்டை என்னிடம் கொண்டு வந்து கொடு. மாதம் மூன்று வட்டிக்கு மேல் போடுகிறான். கந்துவட்டிக்காரன் இதைவிடத் தேவலாம்.

சித்தி ஈரோடு: கண்ணு, செலவை எல்லாம் அப்படியே போடு. ஒளிக்காமல்.

நான்: வீட்டுக் கடன் 16,500. ஏலச்சீட்டு 5,000, எடுத்துவிட்ட சீட்டு, நிறுத்த முடியாது. பையன் ஸ்கூல் வேன் 1,800. மளிகை, காய்கறி 8,000. பெட்ரோல் 3,000. போன், நெட், ஓடிடி 1,500. நகைச் சீட்டு 3,000. தபால் ஆபீஸ் ஆர்டி 4,000. பால், கேஸ், கரண்ட், ஓட்டல், மீதி எல்லாம் 5,200. சரியாக 48. டிசம்பரில் மெடிக்கல் இன்சூரன்ஸ் தனி, போன வருடம் 22,000 கட்டினேன். தீபாவளி போனஸில் 35 ஆயிரம் மிச்சம். புது போன் வாங்க வைத்திருந்தேன்.

வீட்டில்: வாங்க வைத்திருந்தார்

சித்தி ஈரோடு: ஆர்டியை மூன்று மாதம் நிறுத்து. தபால் ஆபீஸில் நான்கு தவணை தவறும் வரை கணக்கை மூட மாட்டார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், அது போகட்டும். இன்சூரன்ஸை மட்டும் விட்டுவிடாதே. கெடு தேதிக்கு மேல் முப்பது நாள் தருவார்கள். அதையும் தாண்டினால் பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நினைவிருக்கட்டும்.

தங்கச்சி கோவை: சித்தி, அதில் செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. 18 சதவீதம் போய்விட்டது. பிரீமியத்தை ஏற்றாமல் இருந்தால் 22 ஆயிரம் 18,650 ஆகும்.

சித்தி ஈரோடு: அட, ஆமாம். நல்லது சொன்னாய்.

வீட்டில்: காரை எடுக்காமல் பைக்கிலேயே போகட்டும், நான் டவுன் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், டிக்கெட் இல்லை. பெட்ரோலில் 1,500 நிற்கும். காய் உழவர் சந்தையில், ஓட்டல் இல்லை. இரண்டிலும் 1,500, 1,500. ஓடிடி, பெரிய நெட் பிளான் எல்லாம் போனால் 800.

அம்மா: அரிசி கோபியிலிருந்து அனுப்புகிறேன்

பெரிய மாமா காங்கேயம்: எண்ணெயும் தேங்காயும் என் பொறுப்பு. செக்கில் ஆட்டியது. கடை எண்ணெய் வாங்கினால் வீட்டுக்குள் விட மாட்டேன்

சித்தி ஈரோடு: ஆர்டியோடு சேர்த்து 9,300 குறைகிறது. மாதம் துண்டு விழுவது 4,700. மூன்று மாதத்துக்கு 14,100. போனஸில் இன்சூரன்ஸ் போக 16,350 இருக்கிறது, அதில் அடங்கிவிடும். கடன் வேண்டாம்.

நான்: அது எல்லாம் சரிங்க சித்தி. கார்த்திகையில் தங்கச்சி பாப்பாவுக்குக் காதுகுத்து இருக்கிறதே.

(வெகு நேரம் யாரும் எழுதவில்லை.)

தங்கச்சி கோவை: அண்ணா, நான் ஒன்றும் கேட்கவில்லையே

நான்: நீ கேட்க வேண்டியதில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத் தோடு போட வேண்டும். பவுன் 90 ஆயிரத்துக்கு மேல் நிற்கிறது. அதற்காகத்தான் நகைச் சீட்டே கட்டுகிறேன். எட்டுத் தவணை ஆகிவிட்டது, பதினொன்று ஜனவரியில் முடியும். நடுவில் எடுத்தால் கடைக்காரர் போனஸ் தர மாட்டார்.

தங்கச்சி கோவை: மண்டபத்துக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மாசிக்குத் தள்ளினால் என்ன? இவர் வீட்டில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பெரிய மாமா காங்கேயம்: தேதி குறித்ததை மாற்றினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்

அம்மா: பேசுகிறவர்களா அண்ணா தவணை கட்டப் போகிறார்கள்?

அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி, மாமா போனிலிருந்து, குரல் செய்தி 0:52)

தங்கச்சி கோவை: கேட்க முடியாதவர்களுக்கு. கார்த்திகையில் பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதம், மாசியில் பன்னிரண்டு, இரட்டைப்படை ஆகாதாம். தையில் பதினொன்று, அதில் வையுங்கள் என்கிறார். தைப்பூசத் தேர் முடிந்து சிவன்மலையில் கூட்டம் குறைந்த பிறகு. அப்புறம், சீர்த்தட்டு ஏழு போதும், இருபத்தொன்று வைத்தால் அடிப்பாராம்.

நான்: சரிங்க அமுச்சி. தை என்றால் சீட்டும் முடிந்துவிடும்.

பெரிய மாமா காங்கேயம்: அப்படியென்றால் மண்டபத்துக்கு நான் இன்றைக்கே சொல்லி வைக்கிறேன். மாற்றுவதில் எனக்கு முதலிலிருந்தே சம்மதம்தான்

சித்தி ஈரோடு: 😀

தம்பி பல்லடம் (9:50): அண்ணா, ஓடிடியை இப்போதே நிறுத்திவிட்டீர்களா? எனக்குப் படம் பாதியில் நின்றுவிட்டது