வேர்டுல ஆர்டர் ஃபாரம் செய்றது எப்படி?

ஆத்தங்குடி டைல்ஸ் கடைல புதுசா சேந்திருக்கேன், ஓனர் வேர்டுலயே ஆர்டர் ஃபாரம் போடச் சொல்றாரு, புள்ளிக்கோடு போட்டு வச்சா டைப் பண்றப்ப எல்லாம் நகந்து போகுது, யாராச்சும் வழி சொல்லுங்கண்ணே.

> புள்ளிக்கோடே வேணாம் தம்பி. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் போயி டெவலப்பரை டிக் பண்ணுங்க, அந்த டேப்ல டெக்ஸ்ட் கன்ட்ரோல், டிராப் டவுன் (லிஸ்ட்ல இருந்து ஒண்ணை எடுக்குறது), டேட் பிக்கர் எல்லாம் இருக்கும். கலருக்குக் கண்டிப்பா டிராப் டவுன் வைங்க, இல்லன்னா ஒருத்தர் செவப்பும்பாரு இன்னொருத்தர் மெரூன்னு அடிப்பாரு, கண்ணாடி மேல கையால கலர் ஊத்திச் செய்ற கல்லு, மாறுச்சுன்னா அம்புட்டும் வீணு.

> முடிச்சதும் ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்ல ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ் போட்டுப் பூட்டி, டெம்ப்ளேட்டா சேவ் பண்ணிருங்க.

டிராப் டவுன் வந்துருச்சுண்ணே! கலர் பேரெல்லாம் எங்க சேக்குறது?

> அதை செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, ஆட் பட்டன் இருக்கும். பூட்டுறதுக்கு முன்னாடியே சேத்துருங்க.