ரூட்ஸ்டாக், சயான்: 'தாய்ச்செடி' எது?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

போன ஆடியில் வீட்டுத் தோட்டத்தில் சீமை அத்தி ஒட்டுக் கட்டினேன். ஆறு கன்றுகளில் நான்கு பிடித்தன. பிடித்த நான்கில் மூன்றை நானே கெடுத்தேன். கத்தி சரியாகத்தான் இருந்தது, மழையும் சரியாகத்தான் பெய்தது. கெடுத்தது ஒரு சொல். ஒட்டில் வேரோடு கீழே இருக்கும் செடியை ஆங்கிலத்தில் ரூட்ஸ்டாக் என்பார்கள், அதன்மேல் சேர்க்கும் குச்சியைச் சயான் என்பார்கள். இரண்டுக்கும் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. கலைச்சொல் பேசும் இடம் என்பதால் கதையை இங்கே கொண்டுவருகிறேன்.

சீமை அத்திக்கு ஒட்டே தேவையில்லையே, குச்சி நட்டால் வேர்விடுமே என்று கேட்பீர்கள். விடும். பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளக் குச்சியை, மூன்று நான்கு கணுக்களோடு வெட்டி, தேங்காய் நார்க்கழிவில் செருகினால் ஒன்றரை மாதத்தில் வேர் தெரியும். அப்படி நட்ட இரண்டு செடிகள் என்னிடம் இருந்தன. இரண்டு வருடம் கழித்து வாடத் தொடங்கின. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மணி மணியாக முடிச்சு. நூற்புழு. நாட்டு அத்தியின் வேர் நூற்புழுவைத் தாங்கும், அதன்மேல் கட்டு என்றார்கள். சரி என்று இறங்கினேன்.

நாட்டு அத்திக் கன்றை ஒரு சாண் உயரத்தில் தலைவெட்டி, தண்டின் நடுவே ஓர் அங்குலத்துக்குச் சற்று கூடுதலாகப் பிளந்தேன். சீமை அத்திக் குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவி அந்தப் பிளவில் இறக்கினேன். இரண்டின் பட்டைகளும் ஒரு பக்கமாவது நேர்கோட்டில் சேர வேண்டும், அதுதான் முக்கியம். பால் வடிந்துகொண்டே இருந்தது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, பாலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றி, மேலே பெப்சி ஐஸ் கவரைக் கவிழ்த்துக் கட்டினேன். மூன்றாவது வாரம் கவருக்குள் பச்சை தெரிந்தது. நாடாவுக்குக் கீழேயும் இரண்டு தளிர்கள்.

ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த துண்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். நான்காவது பத்தியில், "தாய்ச்செடியில் வரும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும்" என்று இருந்தது. தாய்ச்செடி என்றால்? முதல் பத்தியைப் பார்த்தேன். "நன்கு காய்க்கும், நோயற்ற தாய்ச்செடியிலிருந்து குச்சி எடுக்கவும்." அப்படியானால் சீமை அத்திதான் தாய். நாடாவுக்கு மேலே வந்த தளிர்களைக் கிள்ளினேன். ஒட்டு நன்றாகக் கூடட்டும் என்பதற்காக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்! மறுபடி துளிர்த்தது, மறுபடி கிள்ளினேன். மூன்றாம் முறை துளிர்க்க அந்தக் குச்சியில் தெம்பு இல்லை. கருத்துச் சுருங்கிவிட்டது. கீழே வந்தவை மட்டும் ஜோராக வளர்ந்து இலை விரித்தன. சீமை அத்தி இலை கைவிரல் மாதிரி பிளந்து சொரசொரப்பாக இருக்கும். இவை பிளவே இல்லாத முழு இலைகள், அசல் நாட்டு அத்தி. நான்காவது கன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்ததால் என் கண்ணில் படாமல் தப்பியது.

ஒரே தாளில் ஒரே சொல், முதல் பத்தியில் மேலே இருப்பதற்கு, நான்காம் பத்தியில் கீழே இருப்பதற்கு. எழுதியவர் தூங்கிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வழக்குமே புழக்கத்தில் இருக்கின்றன. குச்சியைப் பெற்றது தாய் என்பது ஒரு கணக்கு, குச்சியைச் சுமந்து ஊட்டுவது தாய் என்பது இன்னொரு கணக்கு.

பாடநூல்களில் வேர்ச்செடி, ஒட்டுத்தண்டு என்று பார்த்திருக்கிறேன். வேர்ச்செடி மோசமில்லை. ஆனால் பதியம் போட்டு வேர் வந்த செடியையும் பேச்சில் 'வேர்ச்செடி' என்றுதான் சொல்லிவிடுகிறோம். ஒட்டுத்தண்டு என்றால் ஒட்டுச்செடியின் தண்டா, ஒட்டப்போகும் தண்டா? 'ஒட்டு' என்பது செய்முறைக்கும் பெயர், செய்து முடித்த செடிக்கும் பெயர், சேர்ந்த இடத்துக்கும் பெயர். அதன் தலையில் நான்காவது வேலையும் வைக்க வேண்டாம்.

என் முன்மொழிவு: கீழே இருப்பது அடிச்செடி, மேலே வைப்பது தலைக்குச்சி. தாய்மரம் என்பதைக் குச்சி வெட்டிய மரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடித்து நொறுக்குங்கள்.

அன்புடன்,
கோவைத் தோட்டக்காரன்

---

வணக்கம் ஐயா.

உங்கள் அத்திக் கதையை வாசித்துச் சிரித்தேன், பிறகு கவலையும் வந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாடசாலையில் படித்தது ஒட்டுக்கட்டை, ஒட்டுமுளை. நாட்டு மாங்கன்றில் கறுத்தக்கொழும்பான் என்ற மா இனத்தை ஒட்டினால், நாட்டுக் கன்று ஒட்டுக்கட்டை, கறுத்தக்கொழும்பான் ஒட்டுமுளை. கட்டை கீழேதான் இருக்கும் என்று சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஏற்கெனவே பிள்ளைகள் படிக்கும் சொல் இருக்கப் புதிதாக ஒன்று எதற்கு?

முளை என்றதும் தமிழ்நாட்டில் விதை முளைப்பது நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் முன்பு சொன்னார். அதை ஏற்கிறேன். ஆனால் தலைக்குச்சியும் சரியில்லை. அதைக் கேட்டவுடன் கிளையின் நுனித்துண்டு என்றுதான் எனக்குப் பட்டது. அத்தியில் நடுக்கிளைத் துண்டையும் எடுத்து ஒட்டலாமே, அது எப்படித் தலையாகும்?

இன்னொன்று. இருபது வயது மாமரத்தை வெட்டி, அதில் வரும் தளிரில் வேறு இனத்தை ஒட்டுகிறோம். அந்தப் பெரிய மரத்தைச் 'செடி' என்றால் மரமே கோபிக்கும்.

— யாழ்ப்பாணத்து வாசகி

---

தோழர்களே,

தாய் யார் என்ற சண்டையை நம் ஆட்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அகப்பாட்டில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். குச்சியைப் பெற்ற மரம் நற்றாய், ஏந்தி வளர்ப்பது செவிலிச்செடி. ஒரே வீச்சில் குழப்பம் தீர்ந்தது. அடிச்செடி என்பதில் என்ன அழகு இருக்கிறது?

— மதுரை

---

வணக்கம். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் குடும்பம். எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்கள் வாயில் வருவது 'நாட்டுக்கன்று', 'குச்சி' இரண்டும்தான். நாட்டுக்கன்றில் குச்சி கட்டுவது என்போம். இதையே எழுதலாமே என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால் நாங்கள் மா ஒட்டுக்குப் போடும் கொட்டை மாங்கூழ் ஆலையிலிருந்து வருவது. அதில் பெரும்பாலும் பெங்களூரா. அது எங்கே நாட்டு? சப்போட்டாவைப் பாலை மரக் கன்றில் கட்டுகிறோம். அது நாட்டுச் சப்போட்டா இல்லை, வேறு மரமே. அதனால் எங்கள் பேச்சு எங்கள் கொட்டகைக்குள் சரி, புத்தகத்துக்கு ஆகாது.

குச்சி என்ற சொல்லை மட்டும் விடாதீர்கள். ஏன் என்றால் எங்கள் வேலை முழுக்க அந்தக் குச்சியில்தான் இருக்கிறது. மாவில் வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே, மரத்தில் இருக்கும்போதே இலையைக் கத்தரித்து, காம்பை மட்டும் விட்டுவிடுவோம். பத்து நாளில் அந்தக் காம்பு விரல் பட்டாலே உதிரும், நுனி மொட்டு புடைத்து நிற்கும். அப்போது வெட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். காம்பு உதிராமல் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கட்டுவது அப்புறம்.

கோவை ஐயாவுக்கு ஒன்று. அத்திக் குச்சியைச் சீவியதும் கொஞ்ச நேரம் பால் வடியவிட்டு, துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

---

அனைவருக்கும் நன்றி. நான்கு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

மதுரை நண்பரே, செவிலிச்செடி மனசை இழுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வேறொரு பொருளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஒட்டிய செடியை ஒட்டு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுகிற ஒரு முறை உண்டு. மேலே உள்ள குச்சி சொந்தமாக வேர்விடும்வரை கீழே உள்ளது ஊட்டும். பிறகு அது தானாகவே நலியும், அல்லது நாமே அதை நெரித்துவிடுவோம். ஆங்கிலத்திலும் அதை நர்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அகப்பாட்டில் தலைவி தலைவனோடு உடன்போன பிறகு செவிலிக்கு வீட்டில் என்ன வேலை? அந்தத் தற்காலிகச் செடிக்குச் செவிலிச்செடியை எடுத்து வைத்துக்கொள்வோம். சாதாரண ஒட்டில் கீழே உள்ளது கடைசிவரை கூடவே இருக்கும். அதோடு, எந்தத் தாயையும் திரும்ப உள்ளே கொண்டுவர எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைப் போன்றவன் கையில் கத்தியோடு நின்று நற்றாயா செவிலியா என்று யோசிக்கக்கூடாது.

யாழ்ப்பாணத்துச் சகோதரி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். தலைக்குச்சி போகட்டும், மேற்குச்சி என்போம். கிளையின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டினாலும் ஒட்டில் அது மேலேதான் நிற்கும். கிருஷ்ணகிரிக்காரர் கேட்ட குச்சியும் தங்கிவிட்டது. மரம் கோபிக்கும் என்றது நியாயம்தான். அங்கே 'அடி' மட்டும் நின்றால் போதும் என்று தோன்றுகிறது: அடிக்கன்று, அடிச்செடி, அடிமரம். அடிமரம் என்றால் ஏற்கெனவே மரத்தின் கீழ்ப்பகுதி. இனம் மாற்றி ஒட்டும்போது வெட்டியபின் மிஞ்சுவதும் அதேதானே, இடிக்கவில்லை. ஒட்டுக்கட்டை உங்கள் பள்ளியில் ஊறிய சொல், அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இரண்டும் ஓடட்டும். இரண்டில் எதைப் படித்தாலும் ஒருவன் மேலே கிள்ளமாட்டான்.

இந்தச் சொற்கள் குட்டிபோடுமா என்றும் பார்த்தேன். கீழேயிருந்து கிளம்புவது அடித்தளிர். அடிக்கும் மேலுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு துண்டு வைத்தால் இடைக்குச்சி. ஆப்பிளில் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங்கில் தேர்ந்தெடுத்த எம்-9 மாதிரி, மேலே உள்ள மரத்தைக் குட்டையாக நிறுத்துவது குட்டை அடிச்செடி. மொட்டு ஒட்டில் குச்சியே இல்லை, வெறும் மொட்டுதான். அங்கே மேல்மொட்டு என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் தடுக்குகிறது. யாராவது நல்லதாகச் சொல்லுங்கள்.

நேற்று ஒரு சோதனை செய்தேன். இந்த முறை கட்டிய ஐந்து கன்றுகளில் ஒன்றை அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். கறிவேப்பிலை, மல்லிகை தவிர அவர் எதுவும் வளர்த்ததில்லை. வாயால் எதுவும் சொல்லாமல் ஒரு சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தேன்: "அடிச்செடியில் வரும் தளிரைக் கிள்ளவும். மேற்குச்சியில் வருவதைத் தொட வேண்டாம்."

இரண்டு முறை படித்தார். கன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு நாடாமேல் விரலை வைத்து, "இதுக்குக் கீழே வர்றதைத்தானே சொல்றீங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கிள்ளியாகிவிட்டது. விரலில் பால் ஒட்ட, முந்தானையில் துடைத்துக்கொண்டு வெயிலுக்கு நடந்தார். அத்திப்பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று பின்னாலேயே ஓடினேன். அதைச் சீட்டில் எழுத மறந்திருந்தேன்.

— கோவைத் தோட்டக்காரன்