அட்டையில் ஒரு 777: எங்கள் குடும்பக் குழுவில்

கார்த்திக்: மாமா, அட்டையில் போயிங் 777-300இஆர் பயணிகள் விமானத்தின் மாதிரி செய்யப் போகிறேன். 1:60 அளவு, அதாவது உண்மையில் அறுபதில் ஒரு பங்கு. லூக்கா இயக்கோனி-ஸ்டூவர்ட் செய்ததைப் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

சித்தி: யார் அவர்?

கார்த்திக்: அமெரிக்கர், சித்தி. 2008-இல், பள்ளியில் படிக்கும்போதே தொடங்கினார். மணிலா கோப்பு அட்டையிலேயே இருக்கைகள், கதவுகள், எஞ்சின் எல்லாம் செய்திருக்கிறார். சக்கரங்கள்கூட உள்ளே மடங்கும்! ஏர் இந்தியா விமானத்தின் மாதிரி அது.

மாமா: நல்ல ஆசை, விட்டுவிடாதே. முதலில் இடத்தைப் பார். உண்மை விமானத்தின் நீளம் 73.9 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 64.8. உன்னுடையது 1.23 மீட்டர் நீளம், 1.08 மீட்டர் அகலம் வரும்.

அக்கா: என் மேசை கிடையாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

கார்த்திக்: அலமாரி மேல் வைத்துக்கொள்கிறேன் அக்கா. மாமா, உடலுக்கு ஏ4 அட்டையைச் சுருட்டினால் போதுமா?

மாமா: எட்டாது. உடலின் விட்டம் 6.2 மீட்டர், உனக்கு 10.3 செ.மீ. சுற்றளவு முப்பத்திரண்டரை செ.மீ. ஆகிறது. ஏ4-இன் நீளப் பக்கமே 29.7 தான். ஏ3 வாங்கு. நார் ஓட்டம், அதாவது அட்டைக்குள் நார்கள் ஓடும் திசை, மூக்கிலிருந்து வாலை நோக்கி இருக்க வேண்டும். நாருக்குக் குறுக்கே மடக்கினால் உருண்டு வராது, முறிந்து முறிந்து கோடு விழும்.

அத்தை: நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படித் தெரியும் அண்ணா?

மாமா: இரண்டு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பாரம்மா. எந்த வாக்கில் இணங்கிச் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் நீளவாக்கில்தான் நார். ஈரம் பட்டால் அட்டை விரிவதும் நாருக்குக் குறுக்கேதான் அதிகம். அதனால் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒட்டியதைக் காயும்வரை கனமான புத்தகத்தின் அடியில் வைக்க வேண்டும்.

கார்த்திக்: மேல் அட்டையைத் தடிமனாக எடுத்தால் உறுதியாக நிற்கும் அல்லவா?

மாமா: மேல் அட்டையை நம்பாதே கார்த்திக். இவ்வளவு பெரிய மாதிரியில் எலும்புக்கூடுதான் எல்லாம். உடலுக்குள் குறுக்கே நிற்கும் வட்டச் சட்டங்களை இரண்டு அடுக்காக, நார் ஒன்றுக்கொன்று குறுக்கே வரும்படி ஒட்டி வெட்டு. இறக்கைக்கு உள்ளே தண்டு வேண்டும். அதைப் படுக்க வைக்காதே, பட்டையாக நிமிர்த்தி வை. படுத்த அட்டை தொங்கும், நிமிர்ந்த அட்டை தாங்கும். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், தண்டு உடலுக்குள் நேர்க்குறுக்கே போய், வெளியே வந்ததும் பின்பக்கம் திரும்பும். அந்த இரண்டு மூலைகளில்தான் முழு இறக்கையின் பாரமும் விழுகிறது. அங்கே மூன்று நான்கு அடுக்கு ஒட்டு, சிக்கனம் வேண்டாம்.

கார்த்திக்: மூக்கு?

மாமா: அது இரண்டு திசையிலும் வளைகிறது, ஒரே அட்டையில் வராது. இதழ் இதழாக வெட்டிச் சேர்க்க வேண்டும். வெட்டு விளிம்புகளுக்கு ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் பூசிவிடு, இல்லையென்றால் இணைப்பெல்லாம் வெள்ளையாகத் தெரியும்.

கார்த்திக்: அளவுகளுக்கு எதைப் பார்க்கலாம்?

மாமா: விமான நிலையங்களின் திட்டமிடலுக்காகப் போயிங் தன் தளத்தில் ஆவணங்களை இலவசமாக வைத்திருக்கிறது. மேல், பக்க, முன் தோற்றங்கள் அளவுகளோடு இருக்கும்.

கார்த்திக்: எடுத்துவிட்டேன் மாமா! இன்று நடு உடலையும் இறக்கைத் தண்டையும் மட்டும் வரைகிறேன்.

மாமா: வெட்டுவதற்கு முன் படத்தை இங்கே போடு. அந்த மூலைகளை நான் பார்க்க வேண்டும்.