மகனின் கேம் செலவுக்கு எப்படிப் பூட்டுப் போடுவது?

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான், என் போனில்தான் விளையாடுவான். போன வாரம் வங்கிக் கணக்கைப் பார்த்தால் 89 ரூபாய், 89 ரூபாய், 449 ரூபாய் என்று வரிசையாகப் போயிருக்கிறது. மொத்தம் 1,700-க்கு மேல். நான் மளிகைக்கடையில் பணம் அனுப்பும்போது பக்கத்தில் நின்று யுபிஐ பின்னைப் பார்த்து வைத்திருக்கிறான். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளையும் அழித்துவிட்டான். கேட்டதும், "டைமண்ட் தீர்ந்துபோச்சும்மா" என்று தேம்பித் தேம்பி அழுதான். (டைமண்ட் என்பது கேமுக்குள் பொருள் வாங்கும் காசு மாதிரி.) அடிக்க எனக்கு மனசே வரவில்லை.

கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் பணம் திரும்ப வர வாய்ப்புண்டு. கடைசி இரண்டு தொகைக்குத்தான் அந்த அவகாசம் இருந்தது, விண்ணப்பித்திருக்கிறேன். பின்னையும் மாற்றிவிட்டேன்.

சரி, இனிமேல் என்ன செய்வது? கணவரின் பழைய போனில் அவனுக்குத் தனிக் கணக்குத் தொடங்கி, ஃபேமிலி லிங்கில் (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் செயலி) சேர்த்து, எதை வாங்கினாலும் என் அனுமதி கேட்கும்படி வைத்திருக்கிறேன். ஆனால் கூகுள் பிளே வழியாகப் பணம் கட்டினால்தான் அந்த அனுமதி வேலை செய்யும். டைமண்டை வெளி இணையதளங்களிலும் விற்கிறார்களே, அதை எப்படித் தடுக்கிறீர்கள்?

அப்புறம், மாதம் நூறு ரூபாய்க்கு பிளே கிஃப்ட் கார்டு கொடுத்து, அதற்குள் செலவழிக்கப் பழக்கலாமா? அடியோடு மறுத்தால் நண்பன் போனில் போய் வாங்குவானோ என்று பயமாக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.