எருக்கஞ்செடிப் புழுக்களை வீட்டில் வளர்க்கலாமா? (பெங்களூரு)

வர்த்தூர் மாலதி:
நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகள் கோடையில் மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளைச் சேகரித்து, வலைக்கூண்டில் வளர்த்துப் பறக்கவிடுகிறாள். மோனார்க் இங்கே கிடையாது. ஆனால் அதன் நெருங்கிய உறவான வெந்தய வரியன் எங்கள் லேஅவுட் காலி மனையில் இருக்கும் எருக்கில் முட்டை வைத்திருக்கிறது. புழுக்களும் இருக்கின்றன. அடுத்த வாரம் ஜேசிபி வைத்து மனையைச் சுத்தம் செய்யப்போகிறார்கள். அதற்குள் எடுத்துவந்து வளர்க்கலாம் என்று இருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் ஆசை. செய்யலாமா?

ஜக்கூர் ஏரிக்கரை:
வேண்டாம் மேடம். அமெரிக்காவில் எத்தனையோ பேர் பல வருஷமாக வளர்த்துப் பறக்கவிடுகிறார்கள். பலன் என்ன? மெக்சிகோ மலைக்காடுகளில் குளிர்காலத்துக்கு மோனார்க் கூடும் பரப்பு 1996-97ல் சுமார் 18 ஹெக்டேர், 2023-24ல் 0.9 ஹெக்டேர். சோளம், சோயா வயல்களில் களைக்கொல்லி அடித்து அடித்து, மோனார்க் புழு தின்னும் மில்க்வீட் செடியே (நம் எருக்குக்கு உறவு) இல்லாமல் போனது இதற்கு ஒரு பெரிய காரணம். செடி இல்லாத ஊரில் பூச்சியைப் பறக்கவிட்டால் அது எங்கே போய் முட்டை வைக்கும்?

வளர்ப்பதில் வேறு ஆபத்தும் உண்டு. 2019ல் சிகாகோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்குள் வளர்ந்த மோனார்க்குகள் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பவில்லை. கூண்டில் நெருக்கமாக வளர்த்தால் ஓஈ என்கிற ஒட்டுண்ணி பரவும். பூச்சி சிறகு விரியாமல் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும், பார்க்கவே பாவமாக இருக்கும்.

அல்சூர் செல்வம்:
ஜக்கூர் சார், பாதியைத்தான் சொன்னீர்கள். 2021ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்த்த மோனார்க்குகளுக்குச் சின்ன ரேடியோ கருவி ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பறக்கும் திசையைப் பார்க்கும் சோதனைக் கருவிக்குள் வைத்தபோது பெரும்பாலானவை திசை காட்டவில்லை. ஆனால் வெளியே விட்டதும் கிட்டத்தட்ட எல்லாமே தெற்கு, தென்கிழக்காகப் போயின. ஆக, வளர்த்தாலே வழி மறந்துவிடும் என்று முடிவுகட்ட முடியாது.

அப்புறம், மாலதி அக்கா ஆயிரக்கணக்கில் வளர்க்கப்போவதில்லை. ஜேசிபி சக்கரத்துக்கு அடியில் போகிற புழுவைத்தான் எடுக்கிறார்கள். அதையும் தடுப்பதா?

ஜக்கூர் ஏரிக்கரை:
திசை பற்றிய கேள்வி முடியவில்லை என்பது சரி, செல்வம். ஆனால் அது நம் ஊருக்கும் பொருந்துகிற கேள்வி. கோடை முடிந்து மழை தொடங்கும் சமயத்தில் கருநீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டமாக இடம்பெயரும், பெங்களூரு வழியாகவும் போகும். வெண்புள்ளிக் கருப்பனின் புழு நம் வாசல் அரளியிலேயே வளர்வதுதான். ஏசி அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்ந்த ஒன்றுக்குப் பருவம் எப்படித் தெரியும்? அந்தப் பயம் எனக்குப் போகவில்லை.

வெந்தய வரியன் அழிந்துவரும் பூச்சியும் இல்லை. முட்டைகளில் பெரும்பாலானவை பூச்சியாகாமல் போவது இயற்கை. அந்தப் புழுக்களுக்குள் முட்டையிட்டுப் பிழைக்கிற குளவிகளும் ஈக்களும் இருக்கின்றனவே, அவற்றுக்கும் உயிர்தானே?

மாடித்தோட்டம் கௌரி:
நான் செல்வம் பக்கம். எங்கள் மொட்டை மாடியில் தொட்டிக் கறிவேப்பிலையில் காமன் மார்மன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வரும். முதலில் அபார்ட்மென்ட் பெண்கள் எல்லாரும் 'ஐயோ, மருந்து அடியுங்கள்' என்றார்கள். இரண்டு புழுவைக் கூண்டில் வைத்து, பூச்சி வெளிவந்து சிறகைக் காயவைப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இப்போது கொசுமருந்துப் புகை அடிக்க வருகிறவரைப் பிள்ளைகளே மாடிப் பக்கம் விடுவதில்லை. நீங்கள் சொல்கிற செடி நிலைக்க வேண்டுமென்றால் அதற்குக் காவல் நிற்க ஆள் வேண்டும் சார். கண்ணால் பார்க்காதவர் யார் நிற்பார்?

மாலதி, ஒரே ஒரு எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இலை பறிப்பதை மகனிடம் விடாதீர்கள். நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஜக்கூர் ஏரிக்கரை:
கௌரி அம்மா சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ரெண்டு புழு வைத்துக் காட்டுவது பாடம். மனையில் உள்ளதையெல்லாம் அள்ளி வருவது வேறு. மோனார்க்குக்கே, ஒரு குடும்பம் வருஷத்துக்குப் பத்துக்கு மேல் வளர்க்க வேண்டாம் என்றுதான் பூச்சிகளைப் பாதுகாக்கும் அமெரிக்க அமைப்பான ஸெர்சீஸ் சொசைட்டி சொல்கிறது.

வர்த்தூர் மாலதி:
எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் நாலு புழுவை மட்டும் பால்கனி வெளிச்சத்தில் வலைக்கூண்டில் வைக்கிறேன். மீதியை ஏரிக்கரை எருக்கில் விடலாமா? பக்கத்து நர்சரியில் மில்க்வீட் என்று சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற செடி விற்கிறார்கள். அதை வாங்கி வைக்கட்டுமா?

ஜக்கூர் ஏரிக்கரை:
விடலாம். புழுவைக் கையால் பிய்த்தெடுக்காதீர்கள், தோலுரிக்கும் சமயமாக இருந்தால் செத்துப்போகும். இலையோடு நறுக்கி, புதுச் செடியின் கிளையில் செருகிவிட்டால் அதுவே ஏறிக்கொள்ளும். ஏற்கெனவே புழு மொய்த்த செடி வேண்டாம், எல்லாவற்றுக்கும் இலை போதாது.

நர்சரிச் செடி மத்திய, தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த வகை. வெந்தய வரியன் அதையும் தின்னும். ஆனால் நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருந்தால் புழு ரெண்டே நாளில் சுருண்டுவிடும். எருக்கு போதும்.

அல்சூர் செல்வம்:
அக்கா, ஜேசிபி வருவதற்குள் மனைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். வேலியோரம் இருக்கிற எருக்கை மட்டும் விடச் சொல்லலாம். மகனையும் கூட்டிப் போங்கள், பிள்ளை கேட்டால் மறுக்க மனம் வராது.