இரண்டு துளை லேப்டொப் வாத்திக்குச் சரிவருமா?

நெல்லியடி வாத்தி:
உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். மகள் மெல்லிய லேப்டொப் வாங்கச் சொல்கிறாள். ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான், தோளுக்குச் சுகம். ஆனால் யூஎஸ்பி-சி துளை இரண்டுதான். வகுப்பில் இருப்பதோ விஜிஏ என்ற பழைய வகை வயர் கொழுவும் புரொஜெக்டர். பிள்ளைகள் பென் டிரைவோடு வருவார்கள். சார்ஜரையும் கொழுவினால் மிச்சம் என்ன?

கொக்குவில் தம்பி:
சேர், ஒரு துளையைப் பல துளையாக்கும் ஹப் ஒன்று போதும். 2015இல் ஆப்பிள் ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளையோடு மேக்புக் விட்டபோதும் இதே புலம்பல்தான். விஜிஏ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கோ, பலதில் படம் அனுப்ப எச்டிஎம்ஐ என்ற புதிய வகைத் துளை மட்டும்தான் இருக்கும்.

சுன்னாகத்தான்:
தம்பி சொல்வது சரி, ஹப் கையில் இருக்கும்வரை. நான் அதை மேசையில் விட்டுவிட்டுப் பருத்தித்துறைக்குப் போய், நாற்பது பேருக்கு முன்னால் முழித்தேன். இன்னொன்று: எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. டிஸ்பிளேபோர்ட் வசதி இருக்கவேண்டும். அது உள்ளதும் இல்லாததும் பார்வைக்கு ஒன்றுதான், அதுதான் எரிச்சல். எனக்கென்றால் அரைக் கிலோ கூடினாலும் பரவாயில்லை, எச்டிஎம்ஐயும் சாதாரண யூஎஸ்பியும் உள்ளதைத்தான் எடுப்பேன்.

நெல்லியடி வாத்தி:
அப்போ கடையில் கொழுவிப் பார்த்துத்தான் காசு கொடுக்கவேண்டும். புரொஜெக்டரையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.