ஐ-9 படிவம்: எந்த ஆவணத்தைக் காட்டுவது என்று யார் தீர்மானிப்பது?

டாலஸ்வாசி:
தங்கையின் கணவருக்கு இங்கே ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. க்ரீன் கார்டு உள்ளவர். முதல் நாள், அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் நீட்டினார். மனிதவளத் துறை அலுவலர் இரண்டையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருக்கிறார். "நீங்கள் குடிமகன் இல்லையே, க்ரீன் கார்டைக் கொண்டுவாருங்கள்" என்றாராம். அட்டை மாப்பிள்ளையின் பணப்பையிலேயே இருக்கிறது. ஆனால் கேட்ட விதம் அவருக்கு உறுத்திவிட்டது. காட்டுவதா, மறுப்பதா?

ஜெர்சி மனிதவளம்:
காட்டிவிடச் சொல்லுங்கள், தம்பி. நான் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் இந்தப் படிவங்களைத்தான் பார்த்துக்கொள்கிறேன். படிவத்தோடு வரும் மூன்று ஆவணப் பட்டியல்களில் க்ரீன் கார்டு ஏ பட்டியலைச் சேர்ந்தது. ஆள் யார் என்பதையும் வேலை செய்ய உரிமை உண்டு என்பதையும் அது ஒன்றே காட்டிவிடும். உரிமம் ஆள் யார் என்பதை மட்டும் காட்டும் பி பட்டியல், சோஷியல் அட்டை வேலை உரிமையை மட்டும் காட்டும் சி பட்டியல். அந்த வழியில் போனால் இரண்டையும் சரிபார்த்து இரண்டின் எண்களையும் எழுத வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவர் க்ரீன் கார்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதே சட்டம். பையில் இருப்பதை எடுத்துக் காட்ட என்ன தயக்கம்? வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனிதவளத் துறையோடு மல்லுக்கு நின்றவர் என்ற பெயர் எதற்கு?

சட்டக்கண்:
அக்கா, இந்தப் பதில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களைப் போல் அனுபவம் உள்ளவர்களே இப்படிச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் யாரிடம் போவார்கள்?

இந்தப் படிவம் 1986 நவம்பர் 6 அன்று கையெழுத்தான சட்டத்திலிருந்து வந்தது. வேலைக்கு எடுப்பவர் ஆவணம் பார்த்தே ஆக வேண்டும் என்று விதித்த அதே சட்டம், வெளிநாட்டார் போலத் தோன்றுகிறவர்களை முதலாளிகள் இதைச் சாக்கிட்டு ஒதுக்கிவிடுவார்கள் என்று முன்கூட்டியே பயந்து, அதற்கும் தடை போட்டது. அதனால்தான் ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியல் படிவத்தோடேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஏ பட்டியலில் ஒன்று, அல்லது பி-யில் ஒன்றும் சி-யில் ஒன்றும். எதைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம். பார்வைக்கு உண்மையானதாகவும் அந்த ஆளுக்கு உரியதாகவும் தெரிந்தால் நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். "குடிமகன் இல்லையே, அதனால் இதைக் கொண்டு வா" என்பது சட்டம் விலக்கிய வாக்கியம்.

2023 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நீதித் துறையோடு 3,65,000 டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது நினைவிருக்கிறதா? ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கான சோதனையையும் ஐ-9 சோதனையையும் ஒன்றாகக் கலந்து, க்ரீன் கார்டு உள்ளவர்களிடம் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டையும் தேவையில்லாமல் கேட்டார்கள் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. அவ்வளவு பெரிய சட்டப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனமே அங்கே சிக்கியது.

ஜெர்சி மனிதவளம்:
சட்டம் எனக்கும் தெரியும். 1996-இல் அதைத் திருத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாகுபாடு காட்டும் நோக்கத்தோடு கேட்டால்தான் குற்றம். கூடுதலாக ஓர் ஆவணம் கேட்டதே குற்றமாகிவிடாது.

எங்கள் பக்கத்து நிலைமையையும் பாருங்கள். குடியேற்ற அமலாக்கத் துறையிலிருந்து ஆய்வு அறிவிப்பு வந்தால், ஐ-9 படிவங்களை எடுத்து வைக்க மூன்று வேலை நாள்தான் கிடைக்கும். கையெழுத்து விட்டுப்போனது, தேதி தவறியது என்று ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாக அபராதம் போடலாம். நூற்றுக்கணக்கில் தொடங்கி இரண்டாயிரம் டாலருக்கு மேலேயும் போகும். அந்த நாளில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லப்போகிறவள் நான். தெளிவான ஒரே ஆவணத்தை விரும்புவதற்குக் காரணம் பயம். யாரையும் இழிவாக நினைப்பது காரணமே இல்லை.

வைகைக்கரை:
அந்தப் பயத்தின் விலையைக் கொடுக்கிறவர்கள் நாங்கள் அல்லவா, அக்கா?

நான் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசாவில் இருப்பவள். எங்களில் ஒரு பிரிவினருக்கு வேலை அனுமதி அட்டை 2015-இல்தான் வந்தது. என்னுடைய அட்டை காலாவதியாகும் முன்பே, 2025 கோடையில், புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டேன். 2025 அக்டோபர் 30-க்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய அட்டை 540 நாள் வரை தானாக நீளும் என்பது விதி. பழைய அட்டை, விண்ணப்பம் பெற்றதற்கான ஐ-797சி ரசீது, நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் காலாவதியாகாத ஐ-94 பதிவு மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் மனிதவளத் துறையில் இருந்தவர் அட்டையின் கீழ் மூலையில் இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டி, "இது முடிந்துவிட்டது, புது அட்டை வரும்வரை சம்பளம் இல்லாத விடுப்பு" என்றார். ஐ-9 பற்றி முதலாளிகளுக்கு அரசு வெளியிடும் எம்-274 கையேட்டில் இந்த விதி இருக்கும் பக்கத்தை அச்செடுத்து அவருடைய மேலாளரிடம் கொடுத்த பிறகுதான் என்னைத் திரும்ப உள்ளே விட்டார்கள். இடைப்பட்ட சம்பளம் வரவில்லை. அவரும் பயத்தில்தான் செய்திருப்பார், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதம் வாடகை கட்டியது என் கணவரின் கடன் அட்டை.

அக்டோபர் 30 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அந்த நீட்டிப்பும் பெரும்பாலும் இல்லை. அதனால் இருக்கிற உரிமையைக் கூடக் "கொடுத்துவிட்டுப் போகலாம்" என்று விடச் சொல்லாதீர்கள்.

நெல்லைச்சீமை:
எல்லோரும் ஒரு நிமிடம் பொறுங்கள். டாலஸ்வாசி, மாப்பிள்ளையின் சோஷியல் அட்டையில் பெயருக்கு மேலே ஏதாவது வரி அச்சிட்டிருக்கிறதா? அவர் அந்த அட்டையை எப்போது வாங்கினார்?

டாலஸ்வாசி:
இப்போதுதான் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். 2011-இல் எச்-1பி விசாவில் வந்தபோது வாங்கிய அட்டை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லுபடியாகும் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. க்ரீன் கார்டு வந்த பிறகு இதை மாற்றவே இல்லையாம்.

நெல்லைச்சீமை:
அப்படியென்றால் அந்த அட்டை சி பட்டியலில் சேராது. அந்த வரி இருக்கும் அட்டையை எந்த நிறுவனமும் ஏற்கக்கூடாது. நம்மவர்களில் ஏராளமானோர் இப்படித்தான் பழைய அட்டையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எண் மாறாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் க்ரீன் கார்டைக் காட்டினால் வரி இல்லாத புது அட்டை தருவார்கள், கட்டணம் கிடையாது.

போகும்போது பெயரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் இல்லாமல் எடுத்த கடவுச்சீட்டால், விசாவில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து முதற்பெயராக ஏறி, உரிமத்தில் ஒரு மாதிரியும் சோஷியல் அட்டையில் வேறு மாதிரியும் நிற்கும். ஐ-9 விவரங்களை அரசுப் பதிவுகளோடு ஒப்பிடும் இ-வெரிஃபை இணைய முறையில் நிறுவனம் சேர்ந்ததாக இருந்தால் அங்கே பொருந்தவில்லை என்று வந்து நிற்கும்.

ஜெர்சி மனிதவளம்:
இதைத்தான் நான் சொல்லவந்தேன். அந்த அலுவலர் அட்டையைத் திருப்பித் தந்தது சரி. இவ்வளவு நேரம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டோம்.

சட்டக்கண்:
அட்டையை மறுத்தது சரி, ஒப்புக்கொள்கிறேன். சொன்ன காரணம் சரியில்லை. "இந்த வரி இருப்பதால் இதை ஏற்க முடியாது, இதோ பட்டியல், வேறொன்று கொண்டுவாருங்கள்" என்று சொல்லியிருந்தால் இங்கே விவாதமே வந்திருக்காது. அவர் அந்த வரியைப் பார்த்ததாகவே தெரியவில்லை. குடிமகனா இல்லையா என்றுதான் பார்த்திருக்கிறார். நாளை வரி இல்லாத அட்டையோடு இன்னொரு தமிழரோ மெக்சிகோக்காரரோ வந்தாலும் அவர் இதே வாக்கியத்தைச் சொல்வார். நோக்கம் என்பதை அந்த வாக்கியத்திலிருந்துதான் எடுக்க முடியும், அக்கா. இப்படி நடந்தால் நீதித் துறையின் குடியேறியோர், ஊழியர் உரிமைப் பிரிவில் 180 நாளுக்குள் புகார் தரலாம்.

ஜெர்சி மனிதவளம்:
ஒரு வாக்கியத்தை வைத்துப் புகார் என்றால் எந்த அலுவலரும் வாயைத் திறக்க மாட்டார். பயிற்சி கொடுங்கள் என்று நிறுவனத்திடம் கேட்கலாம். அதில் நான் உங்களோடு நிற்பேன். புகாரில் நிற்க மாட்டேன்.

வைகைக்கரை:
எங்கள் நிறுவனத்தில் பயிற்சி கொடுத்தது நான் மேலாளரிடம் போன பிறகுதான்.

டாலஸ்வாசி:
மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளை மூன்றாவது வேலை நாள், அதற்குள் படிவத்தில் ஆவண விவரங்களை எழுதும் இரண்டாம் பகுதியை நிறுவனம் முடித்தாக வேண்டும் என்பதால் க்ரீன் கார்டையே காட்டுவதாக முடிவு செய்திருக்கிறார். பட்டியல் இருக்கும் பக்கத்தை அலுவலரின் முன் வைத்து, ஏ பட்டியலிலிருந்து இதைத் தருகிறேன் என்று சொல்லித் தருவாராம். புகார் வேண்டாம் என்கிறார். சோஷியல் அலுவலகத்துக்கு அடுத்த வாரம் போகிறார். கடைசியாக ஒரு கேள்வி: அவருடைய க்ரீன் கார்டு இன்னும் இரண்டு ஆண்டில் காலாவதியாகிறது. அப்போது திரும்பவும் கேட்பார்களா?

சட்டக்கண்:
கேட்கக்கூடாது. வேலைக்குச் சேரும்போது செல்லுபடியாகும் க்ரீன் கார்டைக் காட்டியவரிடம், அது காலாவதியானது என்பதற்காக மறுசரிபார்ப்பு செய்வதற்கு விதி இடம் தரவில்லை. பத்தாண்டில் முடிவது அட்டைதான், நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை அதோடு முடிவதில்லை. வேலை அனுமதி அட்டைக்கு விதி வேறு. அதன் தேதி முடியும்போது கேட்கத்தான் வேண்டும்.

ஜெர்சி மனிதவளம்:
இதில் சட்டக்கண் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் மென்பொருள் எல்லா அட்டைகளுக்கும் ஒரே மாதிரி நினைவூட்டல் அனுப்பும். க்ரீன் கார்டுக்கு வருவதை நான் கையால் நீக்குகிறேன். மாப்பிள்ளைக்கு அப்படி மின்னஞ்சல் வந்தால் எம்-274-இல் மறுசரிபார்ப்புப் பகுதியைக் காட்டிப் பதில் எழுதச் சொல்லுங்கள், தம்பி.